துப்பாக்கிச் சட்டம்: எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் உட்கார்ந்து பேசும் முறை

தனியார் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்று பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். ஒருவர் காட்டுப்பன்றி விரட்டும் விவசாயியின் வேட்டைத் துப்பாக்கியை மனதில் வைத்துப் பேசுவார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் நடந்த படுகொலையை நினைத்துப் பதில் சொல்வார். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. முதலில் அதைப் பிரித்துவிட்டால், மிஞ்சும் உண்மையான வேறுபாட்டைப் பற்றி நிதானமாகப் பேச முடியும்.

ஆறு முதல் எட்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரம் பார்க்கவும் குறுக்கே பேசுபவரை நிறுத்தவும் ஒருவர் வேண்டும்; அவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. உரிமம் வைத்திருப்பவர் யாராவது வந்தால், ஆயுதத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மேசையில் துப்பாக்கி இருக்கும்போது யாரும் மனதில் உள்ளதைப் பேச மாட்டார்கள்.

முதல் சுற்றில் கருத்தைக் கேட்காதீர்கள். "இந்த எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்குக் கேள்வி கிடையாது. காவல்துறை வந்து சேர ஒரு மணி நேரமாகும் இடத்தில் தனியாக வாழ்பவருக்குத் துப்பாக்கி என்பது தைரியம். குடும்பத்தில் ஒருவரைத் துப்பாக்கியால் இழந்தவருக்கு அந்தச் சொல்லே வலி. துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகப் பழகியவருக்கு அது ஒரு கருவி. பேச விரும்பாதவர் "பிறகு" என்று சொல்லி விலகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இழப்பைச் சந்தித்தவரை வற்புறுத்திப் பேச வைப்பது கொடுமை.

அடுத்து, சொற்களைச் சரிசெய்யுங்கள். முழுத் தானியங்கி என்றால் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும். அரைத் தானியங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஏ.ஆர்.-15 என்ற அரைத் தானியங்கி ரைபிளின் பெயரில் உள்ள 'ஏ.ஆர்.' அதை உருவாக்கிய ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது; 'ஆட்டோமேட்டிக் ரைபிள்' என்று நினைப்பது தவறு. 'அசால்ட் வெப்பன்' (தாக்குதல் ஆயுதம்) என்ற சொல் வந்தால் நிறுத்தி, எந்தச் சட்டத்தின் வரையறை என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை இருந்த கூட்டாட்சித் தடை, சில மாடல்களைப் பெயர் சொல்லியும், மற்றவற்றைக் கைப்பிடி வடிவம், துப்பாக்கிக் கத்தி பொருத்தும் இடம் போன்ற அம்சங்களைக் கொண்டும் வகைப்படுத்தியது. அந்தப் பட்டியல் தெரியாமல் ஆதரித்தாலும் எதிர்த்தாலும் பேச்சு முன்னே நகராது. ஒன்று மட்டும்: சொல் தெரியாதவரைக் கேலி செய்ய விடாதீர்கள். பாகங்களின் பெயர் தெரியாதவருக்கும் தன் தெருவின் பாதுகாப்பைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

இப்போது முக்கியமான வேலை. ஆறு தாள்களில் ஆறு தலைப்புகளை எழுதுங்கள்: யாருக்கு உரிமம், எந்த வகை ஆயுதம், வீட்டில் எப்படி வைப்பது, வெளியே எடுத்துச் செல்வது, விற்பதும் கைமாற்றுவதும், எப்போது திரும்பப் பெறுவது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தலைப்புக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் எழுத வேண்டும். 0 என்றால் கட்டுப்பாடே வேண்டாம். 4 என்றால் மிகக் கடுமையான கட்டுப்பாடு. மற்றவர் தாளைப் பார்க்காமல் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுங்கள். வாய்விட்டுச் சொல்ல வைத்தால் முதலில் பேசியவரின் எண்ணையே மற்றவர்கள் ஒட்டிக்கொள்வார்கள். "நான் துப்பாக்கி உரிமையின் பக்கம்" என்று வந்தவர் ஆயுத வகைக்கு 1 போட்டு, வீட்டில் பூட்டி வைப்பதற்கு 4 போட்டிருப்பதைக் காணலாம். அமெரிக்காவில் 2017-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கருத்துக் கணிப்பில், தனியார் விற்பனையிலும் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பான்மையினரும் ஆதரித்தார்கள். எண்கள் நெருக்கமாக உள்ள தலைப்பில் பேச்சைத் தொடங்கி, மிக விலகி நிற்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

பேச்சு உடைவது பெரும்பாலும் புள்ளிவிவரத்தில்தான். யார் எண் சொன்னாலும் மூன்று கேள்வி: எந்த நாடு, எந்த ஆண்டு, தற்கொலை சேர்த்தா சேர்க்காமலா? அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை, 20,958 கொலை. ஒருவர் முதல் எண்ணை வைத்தும் இன்னொருவர் மூன்றாவது எண்ணை வைத்தும் வாதிட்டால் முடிவே வராது. தற்கொலைக்கும் கொலைக்கும் மருந்தும் வேறு: ஒரு நொடி விரக்தியில் நிகழும் சாவைத் தடுக்கப் பூட்டும் சாவியும் உதவும்; கூலிக்குக் கொல்பவனிடம் அவை செல்லாது.

தற்காப்புக்கு எத்தனை முறை துப்பாக்கி பயன்படுகிறது என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் 1995-ல் வெளியான ஓர் ஆய்வு ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் முறை என்றது. அரசு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்தை ஒட்டிய எண்களையே தருகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1995 ஆய்வு, சுமார் 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டு நாடு முழுவதற்கும் பெருக்கியது. அரிதான நிகழ்வில் நூற்றில் ஒருவர் தவறாக "ஆம்" என்றாலும் கணக்கு ஊதிவிடும். அரசுக் கணக்கெடுப்பு, தான் குற்றத்துக்கு ஆளானதாகச் சொன்னவரிடம் மட்டுமே தற்காப்பைப் பற்றிக் கேட்கிறது. அதனால் சில விட்டுப்போகும். இரண்டையும் மேசையில் வையுங்கள். ஒன்றை மட்டும் சொல்பவரிடம் மற்றதையும் சொல்லச் சொல்லுங்கள்.

பிற நாட்டு உதாரணங்களையும் அரைகுறையாக விடாதீர்கள். சுவிட்சர்லாந்தை இரு தரப்பும் இழுக்கும். அங்கே படைப்பணியில் உள்ளவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைக்கலாம் என்பது உண்மை. 2007-க்குப் பிறகு பெரும்பாலோருக்கு வீட்டில் வைக்க ராணுவத் தோட்டா கிடையாது என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின் சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன. ஆனால் அதற்கு முன்பே குறைந்துகொண்டும் இருந்தன. சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்களிடையே வாதம். அமெரிக்க அரசியல் சாசனம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகச் சொல்கிறது; அங்கேகூட 2008-ல் ஹெல்லர் வழக்கில் அந்த உரிமையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அது எல்லையற்றது அல்ல என்றும் எழுதியது. பிரிட்டனில் தற்காப்பைப் பொதுவாக உரிமத்துக்கான காரணமாகவே ஏற்பதில்லை. "என் உரிமை" என்ற சொல் எந்தச் சட்டத்தின்கீழ் என்பதைக் கேட்டே தீர வேண்டும்.

கடைசி அரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிலைமையைக் கொடுங்கள். உதாரணமாக, உரிமம் பெற்ற ஒருவர், வீட்டில் 14 வயதுப் பையன், சமீபத்தில் வேலை இழப்பு, குடிப்பழக்கம். துப்பாக்கியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்க வேண்டுமா? யார் சொல்வது, எத்தனை நாளைக்கு, திரும்பக் கொடுப்பதை யார் முடிவு செய்வது? "துப்பாக்கி நல்லதா கெட்டதா" என்று கேட்டால் வராத பதில் இங்கே வரும். கட்டுப்பாடு கேட்டவர் தவறான புகாரால் ஒருவர் பாதிக்கப்படுவதைப் பற்றி யோசிப்பார். உரிமை கேட்டவர் பையனைப் பற்றி யோசிப்பார்.

பேச்சை முடிக்கும்போது ஒருமித்த தீர்மானம் தேட வேண்டாம். ஒவ்வொருவரும் தன் எதிர்க்கருத்துக்காரரின் நிலையை இரண்டு வரியில் எழுதி, அவரிடமே படித்துக் காட்ட வேண்டும். அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று சொல்லும்வரை திருத்துங்கள். மூன்று முறை திருத்தியும் அந்த வார்த்தை வரவில்லை என்றால், அந்தத் தலைப்பை மட்டும் இன்னொரு நாளைக்கு எடுத்து வையுங்கள்.