ஃபொக் லைற்றில் எச்ஐடி பல்ப் போடும்போது நாம் விடும் பிழைகள்

மழை விட்ட ஒரு மார்கழி இரவு. மூதூரிலிருந்து திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் ஏறினேன். எதிரே சைக்கிளில் ஒருவர், பின் கரியரில் மீன் பெட்டி. கார் நெருங்க நெருங்க அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு ஒரு காலை ஊன்றி நின்றே விட்டார். கையை நெற்றிக்கு மேல் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹெட்லைற்றை நான் ஏற்கெனவே டிம் பண்ணியிருந்தேன். அவர் கண்ணைக் குத்தியது கீழே பம்பரில் எரிந்துகொண்டிருந்த ஃபொக் லைற், அதாவது பனியிலும் கடும் மழையிலும் போடுகிற லைற். இரண்டு கிழமைக்கு முன்புதான் அதில் கம்பிக்குப் பதில் மின்சுடர் எரிகிற எச்ஐடி பல்ப் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேற்றைத் திறக்காமல் காரை மதிலுக்கு நேரே நிறுத்திப் பார்த்தேன். பழைய பல்ப் இருந்தபோது ஃபொக் லைற்றைப் போட்டால் மதிலில் கோடு கீறினாற்போல் ஒரு விளிம்பு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. இப்போது அந்தக் கோட்டையே காணவில்லை. மதில், மதிலுக்கு மேலே நின்ற முருங்கை, அதற்கும் மேலே போகிற கரண்ட் கம்பி எல்லாமே வெள்ளை வெளேரென்று தெரிந்தன. காருக்கு முன்னால் கிடந்த நிலம் மட்டும் முன்பைவிடப் பெரிதாகத் தெளியவில்லை.

அந்த மதில்தான் எனக்குப் பாடம் சொன்னது. அதன் பிறகு கராஜுகளில் கேட்டும், கழற்றிப் பார்த்தும், படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் இருந்து இரவில் கார் ஓட்டுகிறவர்கள் கூடுதல் வெளிச்சம் தேடுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானைப் பயம். கார்த்திகை மார்கழியில் வைப்பரால் தள்ளித் தீராத மழை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தம்பலகாமத்து வயல்வெளியை அந்த மாதங்களில் விடியப்புறம் கடந்தவர்களுக்கு அந்தப் பனி எப்படி வீதியில் படுத்திருக்கும் என்று தெரியும். தேவை உண்மையானதுதான். தேடிப் போகிற வழியில்தான் பிழை விடுகிறோம்.

முதலாவது பிழை, பல்புதான் லைற் என்று நினைப்பது. வெளிச்சத்தை உண்டாக்குவது பல்ப். அதை வீதியில் எங்கே விழுத்துவது என்று தீர்மானிப்பது பின்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணமும் முன்னால் இருக்கும் லென்ஸும். வழக்கமாகக் காரில் இருக்கும் ஹலோஜன் பல்புக்குள் நாலைந்து மில்லிமீற்றர் நீளத்தில் சுருண்ட ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவையும் வரைந்திருக்கிறார்கள். எச்ஐடி பல்புக்குள் கம்பியே கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவே வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து, வில்போல் வளைந்த ஒரு சுடராக எரிகிறது. சுடரின் இரண்டு அந்தத்திலும் வெளிச்சம் கூட, நடுவில் சற்றுக் குறைவு. வடிவமும் வேறு, நிற்கிற இடமும் மயிரிழை வேறு. அந்த மயிரிழை கிண்ணத்தில் பட்டு வீதிக்குப் போகும்போது பல அடி வித்தியாசமாகிவிடுகிறது.

அளவையும் பாருங்கள். பல்ப் தரும் மொத்த வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள். எச்11 ரக ஹலோஜன் பல்ப் 55 வொட்டில் ஏறத்தாழ 1350 லூமன் வெளிச்சம் தரும். 35 வொட் எச்ஐடி ஒன்று ஏறத்தாழ 3200 லூமன். சுண்டுக்கு அளந்து செய்த பாத்திரத்தில் ஒரு கொத்தைக் கொட்டினால் மிச்சம் வெளியே சிந்தத்தானே செய்யும்? சிந்துகிற அந்த வெளிச்சம்தான் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது. பழைய கார்களில் இருக்கும் எச்3 ரகத்தில் நிலைமை இன்னும் மோசம். அதில் கம்பி குறுக்காக நிற்கும். அதற்கென்று விற்கிற எச்ஐடியில் சுடர் நேராக நிற்கும். அதைப் போட்டால் ஒழுங்கான வீச்சு வர வழியே இல்லை.

கார் கொம்பனிகள் எச்ஐடி போடவில்லையா என்று கேட்கலாம். போட்டார்கள், ஹெட்லைற்றில், அந்தச் சுடருக்கென்றே கிண்ணமும் லென்ஸும் செய்து. ஐரோப்பியக் கார்கள் பின்பற்றும் ஐ.நா. விதிகளின்படி, டிம் லைற்றின் ஒளிமூலம் 2000 லூமனைத் தாண்டினால் ஹெட்லைற்றைக் கழுவும் அமைப்பும் இருக்க வேண்டும். லென்ஸில் சேறு படிந்தால் வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசும் என்பதால் அந்த ஏற்பாடு. நம் பம்பரின் அடியில், டயர் அடிக்கிற சேறு முழுவதையும் வாங்குகிற இடத்தில், அதே அளவு வெளிச்சத்தை எந்த ஏற்பாடும் இல்லாமல் வைக்கிறோம். அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனமான என்எச்டிஎஸ்ஏயும் ஹலோஜனுக்கென்று செய்த ஹெட்லைற்றுக்குள் எச்ஐடி போடுவது தன் விதிகளுக்குப் பொருந்தாது என்றுதான் சொல்கிறது.

இரண்டாவது பிழைதான் எனக்கு அதிகம் பயமூட்டுவது. நம் கண்ணே நம்மை ஏமாற்றுகிறது. காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீற்றர் பளிச்சென்று இருந்தால், நன்றாகத் தெரிகிறது என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் கிட்ட விழுகிற அதிக வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கும். சுருங்கினால் தூரத்து இருட்டில் இருப்பது முன்பைவிட மங்கிப்போகும். 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடியில் கார் 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. எதையாவது கண்டு, அது என்னவென்று உணர்ந்து, கால் பிரேக்கில் அழுத்த ஒன்றரை வினாடி எடுத்தால் அதற்குள்ளேயே 29 மீற்றர் போய்விடும். ஈர வீதியில் கார் முற்றாக நிற்க இன்னும் நாற்பது மீற்றர் அளவில் வேண்டும். ஃபொக் லைற்றின் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. எட்டுவதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. கந்தளாய் வீதியில் யானை நிற்பது அந்தப் பளிச்சிடும் வட்டத்துக்கு வெளியே. அதன் உடம்பும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத கருஞ்சாம்பல் நிறம். யானைக்குப் பயந்து ஃபொக் லைற்றைக் கூட்டுகிறவர், யானை நிற்கிற தூரத்தைத் தன் கண்ணுக்கு இருட்டாக்கிக்கொள்கிறார். அந்தப் பாதையில் உதவுவது நல்ல ஹெட்லைற்றும் குறைந்த வேகமும்.

அப்புறம் நிறம். கடைகளில் 4300, 6000, 8000 கெல்வின் என்று பெட்டிகள் அடுக்கியிருக்கும். எண் கூடினால் வெளிச்சமும் கூடும் என்று பெடியள் பலர் நினைக்கிறார்கள். அது வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறம். 4300 வெள்ளை, 6000இல் நீலம் தட்டத் தொடங்கும், 8000 நன்றாகவே நீலம். நீலம் கூடக் கூடக் கண்ணுக்குப் பயன்படும் வெளிச்சம் குறைகிறது. மழை பெய்து கறுத்துக் கிடக்கும் தார் வீதியில் நீல வெளிச்சம் எங்கே விழுகிறது என்றே தெரியாது. கூச்சம் மட்டும் கூடும். மஞ்சள் பனியைக் கிழித்துப் போகும் என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. பனித் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் சிதறடிக்கின்றன. ஆனாலும் மஞ்சளில் கண் கூச்சம் குறைவு, நெடுநேரம் ஓட்டினாலும் கண் களைப்பதில்லை. மழையில் எனக்கு அது போதும்.

வொட்டைப் பார்க்காமல் வாங்குவதும் உண்டு. எச்8, எச்11, எச்16 மூன்றின் அடிப்பாகமும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எச்11 என்றால் 55 வொட், எச்8 என்றால் 35, எச்16 என்றால் வெறும் 19. ஜப்பானில் இருந்து வந்த அண்மைக்காலக் கார்கள் பலவற்றின் ஃபொக் லைற் இந்த 19 வொட்டுக்கென்று செய்த சின்னப் பிளாஸ்ரிக் கூடு. அதற்குள் 35 வொட்டும், அதிலும் துணிந்தால் 55 வொட் எச்ஐடியும் போடுகிறார்கள். கூடு எவ்வளவு சூட்டைத் தாங்கும்? மலிவான பல்பாக இருந்தால் புற ஊதாக் கதிரை மறிக்கும் கண்ணாடியும் தரமாக இருக்காது. லென்ஸ் உள்ளிருந்தே பழுப்பேறும், கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு மங்கும். பிறகு பழைய பல்பையே திரும்பப் போட்டாலும் பழைய வெளிச்சம் வராது.

வயரிங் விடயத்தில் ஒரு பிழை காரையே எரித்துவிடக்கூடியது. எச்ஐடியை எரிய வைக்க பலஸ்ட் என்ற பெட்டி வேண்டும். சுடரை மூட்டும் கணத்தில் அது 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். ஓடும்போது ஒரு பலஸ்ட் எடுப்பது மூன்று அம்பியர் அளவுதான். ஆனால் முதல் சில வினாடிகளில் அதன் இரண்டு மூன்று மடங்கை இழுக்கும். காரில் வந்த மெல்லிய ஃபொக் லைற் வயரிலேயே இரண்டு பலஸ்ட்டையும் கொழுவினால் 10 அல்லது 15 அம்பியர் பியூஸ் போகும். “பியூஸ்தான் சின்னன், தம்பி, முப்பது போட்டால் சரி” என்று எனக்கும் ஒருவர் சொன்னார். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயரால் தாங்க முடியாத பியூஸைப் போட்டால் அடுத்து உருகுவது வயரின் உறை. போடத்தான் வேண்டும் என்று நிற்பவர் பற்றரியில் இருந்து நேரே தடித்த வயர் எடுத்து, பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வைத்து, றிலே என்ற மின்சார சுவிற்சோடு செய்யட்டும். பழைய வயர் றிலேயை இயக்க மட்டும். ஹைபிரிட் காராக இருந்தால் இன்னும் கவனம்: பலவற்றில் 12 வோல்ட் பற்றரி பின்பக்கத்தில் இருக்கும், பொனெட்டுக்குள் செம்மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஓடும். அந்த நிறத்து வயருக்குக் கிட்டவும் கை போகக் கூடாது. பல்பு எரிகிறதா என்று பார்க்க லைற்றைப் போட்டுக்கொண்டே பலஸ்ட் வயரைப் பிடித்து ஆட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த 20,000 வோல்ட்டை நினைத்தாவது லைற்றை நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு பிழை இருக்கிறது, தண்ணீரும் உப்பும். எச்ஐடி வயரை வெளியே எடுக்க கூட்டின் பின்மூடியில் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு ரப்பர் வளையம் செருக வேண்டும். என் காருக்கு அந்த ஓட்டையைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கழற்றிய அன்று லென்ஸின் உட்பக்கம் முழுக்க வியர்வைபோல் துளிகள், அடியில் ஒரு கரண்டி தண்ணீர். இரண்டு கிழமை மழைக்கே அவ்வளவு. பக்கத்து வீட்டு வானில் அதே வேலை செய்து ஒரு வருடம் ஓடியிருந்தது. நிலாவெளிப் பக்கம் தினமும் போய் வருகிற வான். அதன் பலஸ்ட்டைப் பம்பருக்குள்ளே கீழே கட்டியிருந்தார்கள். இணைப்பைப் பிரித்தபோது செப்புப் பின்கள் பாசி பிடித்ததுபோல் பச்சைப் பூத்திருந்தன, ஒன்று விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. பலஸ்ட் எப்போதும் உயரத்தில் இருக்க வேண்டும், வயர் கீழ்நோக்கித் தொங்கி வந்து ஏற வேண்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் இணைப்புக்குள் போகாமல் தொங்குகிற இடத்திலேயே சொட்டும்.

எந்தப் பல்ப் இருந்தாலும் வீச்சைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். சமதரையில், மதிலில் இருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். ஓட்டுகிறவர் உள்ளே இருக்கட்டும். லைற்றின் நடு நிலத்தில் இருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் மதிலில் சோக்கால் ஒரு கோடு கீறுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு அங்குலம் கீழே நிற்க வேண்டும். விளிம்பே தெரியவில்லை என்றால் எந்த ஆணியைத் திருப்பியும் பயனில்லை, அந்தக் கூட்டுக்கு அந்தப் பல்ப் பொருந்தவில்லை.

வானம் தெளிந்த இரவில் நகருக்குள் ஃபொக் லைற் எதற்கு? உட்துறைமுக வீதியில் கடற்காற்று வாங்க நடக்கிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. பனி, கடும் மழை, நுவரெலியாப் பக்கத்து முகில் இவைக்குப் போடுங்கள், விலகியதும் நிறுத்துங்கள்.

நான் கடைசியில் செய்தது பெரிய செலவில்லை. காரின் புத்தகத்தில் போட்டிருந்த அதே ரகத்தில், அதே வொட்டில், நல்ல தயாரிப்பு ஹலோஜன் மஞ்சள் பல்ப் இரண்டு வாங்கினேன், கண்ணாடியில் விரல் படாமல் போட்டேன். கிழிந்த மூடியை மாற்றினேன். பழுப்பேறியிருந்த ஹெட்லைற் லென்ஸைத் தேய்த்து மினுக்கினேன். இரவில் தூரம் தெரிவதில் பெரிய வித்தியாசம் தந்தது இதுதான். ஹெட்லைற்றின் பூமி வயர் துருப்பிடித்திருந்ததைச் சுரண்டி இறுக்கியதும் வெளிச்சம் இன்னும் ஒரு படி ஏறியது. பிறகு காரைத் திரும்ப மதிலுக்கு முன் நிறுத்தினேன். கோடு வந்திருந்தது, முருங்கை இருட்டில் நின்றது.

கழற்றிய எச்ஐடி பல்புகளை இன்னொருவருக்கு விற்க மனம் வரவில்லை. குப்பைக் கூடைக்குள்ளும் எறியாதீர்கள். இந்தப் பல்புகள் பலவற்றில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது, உடைந்தால் கையாலோ விளக்குமாற்றாலோ அள்ளக் கூடாது. வந்த பெட்டியிலேயே பஞ்சு வைத்துச் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைத்திருந்து, மின்கழிவு சேர்க்கிறவர்களிடம் கொடுங்கள்.