குவாரி மோட்டாருக்கு மெகர் பதிவேடு எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தால், கூடவே மின்சாதனப் பதிவேடும் உங்கள் தலையில் விழும். மோட்டார் காயிலின் இன்சுலேஷன் (மின்கசிவைத் தடுக்கும் உறை) எப்படி இருக்கிறது என்று மெகர் என்ற கருவியில் அளந்து எழுதுவது அதில்தான். மாதிரிப் படிவம் தேடிப் போனால் நிலக்கரிச் சுரங்கத்துக்கானது கிடைக்கும். அங்கே காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியின் (உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராத பெட்டி) இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்து எழுதத் தனிக் கட்டம் இருக்கும். திறந்தவெளிக் குவாரியில் அந்தக் கவலை இல்லை, அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். இங்கே மோட்டாரைக் கெடுப்பது ஒயர் சா (கல்லை அறுக்கும் கம்பி ரம்பம்) தெறிக்கும் தண்ணீரும் கல்தூளும்தான்.

1. மோட்டாருக்கு எண் போடுங்கள்

‘மேல் பென்ச் (குவாரியின் மேல் படி) மோட்டார்’ என்று எழுதாதீர்கள். அது ரீவைண்டிங்குக்கு (காயிலை மறுபடி சுற்ற) போய், ஸ்பேர் மோட்டார் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் இரண்டின் அளவுகளும் ஒரே பக்கத்தில் கலந்துவிடும். நேம் பிளேட்டையும் நம்ப முடியாது, பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். பாடியிலேயே எண்ணைப் பஞ்ச் செய்து, எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

2. சப்ளையைத் துண்டியுங்கள்

ஐசொலேட்டரை (சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்துப் பூட்டு போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். டெர்மினலில் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் மோட்டார் கேபிளை அதிலிருந்து கழற்றிவிட வேண்டும். மெகரின் 500 வோல்ட் உள்ளே போனால் டிரைவ் காலி.

3. அளவெடுங்கள்

மோட்டார் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மெகரில் 500 வோல்ட் டிசி, ஒரு நிமிடம். 440 வோல்ட் இணைப்புக்கு 1 மெகாஓம்தான் கடைசி எல்லை, அதற்குக் கீழே போகக் கூடாது. காயிலுக்குக் காயில் பார்க்க டெர்மினல் பாக்ஸில் லிங்க்கை (காயில் முனைகளை இணைக்கும் தகடு) கழற்றுங்கள். முடிந்ததும் முனைகளை எர்த்தில் தொட்டு டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள்.

4. எழுதுங்கள்

பெரும்பாலான பதிவேடுகள் வீணாவது இங்கேதான். வெறும் ‘20 மெகாஓம்’ என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சூடு 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் அளவு ஏறக்குறைய பாதியாகும். 70 டிகிரியில் 10 மெகாஓம் காட்டும் மோட்டார், ஆறி 30 டிகிரிக்கு வந்தால் சுமார் 160 காட்டும். ஆக, ஓடி நின்றதும் 10 என்றால் பயப்பட வேண்டாம். விடிகாலையில் குளிர்ந்திருக்கும்போது 10 என்றால், அதுவும் போன மாதம் இதே நிலையில் 150 இருந்திருந்தால், ஈரமா அழுக்கா என்று உடனே பாருங்கள். ராத்திரி மழை பெய்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும், காய்ந்ததும் அளவு தானாக ஏறலாம்.

எனவே அளவுக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: பாடி சூடு, எப்போது ஓடி நின்றது, ஈரமா காய்ந்ததா. ஒரே நிலையில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் காலையில் மோட்டார் ஓடுமுன் எடுப்பதே சுலபம்.

கருவி என்று கேட்டால் என் ஓட்டு கையால் சுற்றும் பழைய மெகருக்குத்தான், பேட்டரி தீர்ந்தது என்ற சாக்கே கிடையாது. மல்டிமீட்டர் இந்த வேலைக்கு உதவாது, அதன் வோல்டேஜ் மிகக் குறைவு. எக்செல் ஆபீசில் இருக்கட்டும், குவாரியில் பைண்டிங் நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் போதும். ஜெல் பேனா மை பல சமயம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

பின்சேர்க்கை: குழியில் கிடக்கும் சப்மெர்சிபிள் பம்பை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தார்கள். பேனலில் கேபிளைக் கழற்றி அங்கிருந்தே மெகர் போடலாம், ஆனால் வருவது கேபிளும் ஜாயின்ட்டும் சேர்ந்த அளவு. பக்கத்தில் ‘கேபிளோடு’ என்று எழுதுங்கள். அளவு விழுந்திருந்தால் பம்பை மேலே தூக்கி, முதலில் ஜாயின்ட்டைப் பிரித்து இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்புவது அதற்கு அப்புறம்.