விபிஎன் போட்டால் வைஃபை காலிங் போகவில்லையா?
வைஃபை காலிங் என்பது சாதாரண போன் அழைப்பை வீட்டு வைஃபை வழியாக அனுப்புவது; விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. விபிஎன்னை நிறுத்திவிட்டு, ஏரோபிளேன் மோடைப் போட்டு, அதிலேயே வைஃபையை மட்டும் திறந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் திரையின் மேலே வைஃபை காலிங் குறி வந்துவிட்டால் கோளாறு விபிஎன் பக்கம்தான், சிம்மை மாற்றக் கடைக்கு அலைய வேண்டாம்.

காரணம் இதுதான். வைஃபை காலிங் தானே ஐபிசெக் என்ற ஒரு பாதுகாப்புச் சுரங்கத்தைப் போட்டு, யுடிபி 500, 4500 போர்ட்கள் (இணைய வாசல்கள்) வழியாக உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. சில போன்களில் அது விபிஎன்னைத் தொடாமல் போய்விடும், ஆனால் ரவுட்டரிலேயே விபிஎன் போட்டிருந்தால் எந்தப் போனும் தப்பாது: சுரங்கத்துக்குள் சுரங்கமாகி இணைப்பு அறுந்துவிடலாம், இல்லாவிட்டால் விபிஎன் சர்வர் வெளிநாட்டில் இருப்பதால் தொலைபேசி நிறுவனம் நீங்களும் வெளிநாட்டில் இருப்பதாக நினைத்து மறுத்துவிடலாம். அதனால் மலேசியாவில் இருப்பவர்கள் விபிஎன்னில் மலேசிய சர்வரைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ரவுட்டரில் உங்கள் போனை மட்டும் விபிஎன்னிலிருந்து விலக்கிவிடுங்கள், இரண்டாவதுதான் நிலையான தீர்வு. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு நடுவே வீட்டுக்குள் சிக்னலே எட்டாத லயங்களில் அப்பா அம்மா தனியாக இருந்தால் இதை இன்றைக்கே செய்து கொடுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்புக்கு இது பொருந்தாது, அது வேறு வழியில் போகிறது. போனோ பிளானோ வைஃபை காலிங்கை ஆதரிக்காவிட்டாலும் இதனால் பயனில்லை. விபிஎன் இல்லாமலே குரல் வெட்டி வெட்டி வந்தாலும் பயனில்லை, அப்போது வீட்டு இன்டர்நெட் லைனைத்தான் பார்க்க வேண்டும்.