தையல் ஊசியின்றிச் சிறுமிக்கு ஒரு வலைத்துணிப் பாவாடை

முன்பள்ளிக் கலைவிழாவுக்கான வலைத்துணிப் பாவாடையைத் தையல் இயந்திரம் இல்லாத வீட்டிலும் ஒரே மாலையில் செய்து முடிக்கலாம். கொழும்பு, புறக்கோட்டைத் துணிக்கடைகளில் வாங்கும்போது, விறைப்பான நெட் துணியைத் தவிர்த்து, கையில் மென்மையாக நழுவும் டியூல் துணியையே கேளுங்கள். விறைப்பானது பிள்ளையின் தொடையை உரசிப் புண்ணாக்கும்.

இடுப்புச் சுற்றளவை விட 4 சென்ரிமீற்றர் குறைவான வளையம் வருமாறு, முடிச்சுக்கும் சற்று மிகுதி விட்டு இலாஸ்டிக்கை வெட்டி, நுனிகளை இறுக முடிச்சிடுங்கள். பாவாடை 30 சென்ரிமீற்றர் நீளமாக வேண்டுமெனில், இலாஸ்டிக்கில் இரண்டாக மடித்து முடிச்சிடுவதற்காக டியூல் துணியிலிருந்து வெட்டும் ஒவ்வொரு பட்டியும் 64 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். 150 சென்ரிமீற்றர் அகலத் துணியில் 4 மீற்றர் வாங்கினால் 60 பட்டிகள் கிடைக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது தாராளம்.

முழு வேலையும் முடிச்சில்தான் தங்கியிருக்கிறது. வளையத்தைக் கதிரையின் முதுகில் மாட்டி, பட்டியை இரண்டாக மடித்து, மடிப்பை இலாஸ்டிக்கின் பின்புறமாக மேலே கொண்டுவந்து, அதனால் உண்டாகும் கண்ணி வழியாக இரு நுனிகளையும் முன்பக்கமாக இழுத்து இறுக்குங்கள். இலாஸ்டிக் சுருளும் அளவுக்கு இறுக்கினால் இடுப்பில் அழுத்தும். தளர விட்டால் ஆடும்போது இடைவெளி தெரியும். ஆகவே முடிச்சுகளை நெருக்கித் தள்ளியபடியே செல்லுங்கள்.

கொழும்பின் புழுக்கத்துக்கு உள்ளே பருத்திப் பாவாடை அவசியம். டியூல் துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், குத்துவிளக்கு ஏற்றும் மேடையருகே பிள்ளையை நிறுத்தாதீர்கள்.