மான் வேட்டைக்கு மஸில்லோடர் குண்டு: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஜனவரி தொடக்கத்தில் நான்கு நாள் மஸில்லோடர் பருவம் வரும். அதற்காக நான் வாங்கிய 3 வகைக் குண்டுகளுமே 100 கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. குண்டுதான் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். உண்மையில், சுட்ட பிறகு குழலைத் துடைக்காமல் விட்டதுதான் கோளாறு. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அதே வகைதான் மஸில்லோடர். குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தப் பதிவு அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.

முதலில் குழலின் புரியை, அதாவது குண்டைச் சுழல வைக்க உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் பள்ளங்களை, பாருங்கள். இப்போது கடையில் கிடைக்கும் 50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) இன்லைன் துப்பாக்கிகளில், அதாவது பிரைமர் என்ற பற்றவைக்கும் கேப் மருந்துக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன வகையில், பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். நீளமான குண்டுக்கு அதுதான் ஏற்றது. பழைய பாணித் துப்பாக்கியில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், துணி சுற்றிப் போடும் உருண்டை ஈயக் குண்டே போதும். இந்த எண் குழலிலோ கையேட்டிலோ இருக்கும். இதைப் பார்க்காமல் குண்டு வாங்காதீர்கள்.

28 அங்குலப் புரியென்றால் சாபோ போட்ட 250 கிரெய்ன் குண்டில் தொடங்குங்கள். அதாவது சுமார் 16 கிராம். சாபோ என்பது குண்டைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிண்ணம். குழலை விட்டு வெளியே வந்ததும் கழன்று விழுந்துவிடும். ஹார்னடி எஸ்எஸ்டி (செம்பு உறை போட்ட ஈயக் குண்டு), பார்ன்ஸின் முழுச் செம்புக் குண்டு என இரண்டு வகையில் சின்னப் பாக்கெட் வாங்கினால் போதும். என் ஓட்டு செம்புக்குத்தான். விலை அதிகம், ஆனால் கறியில் ஈயத் துணுக்கு இருக்காது. என் வீட்டில் குழந்தைகளும் அந்தக் கறியைத்தான் சாப்பிடுகிறார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

மருந்தில் மாத்திரை வடிவம் வேண்டாம், தூளாகவே வாங்குங்கள். அப்போதுதான் 5, 5 கிரெய்னாக ஏற்றிப் பார்க்க முடியும். நான் 80இல் தொடங்கினேன். கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. இந்த அளவெல்லாம் கன அளவு, எடை அல்ல. பிளாக்ஹார்ன் 209 மருந்தில் கன அளவில் 100 என்பது எடையில் சுமார் 70 கிரெய்ன்தான். தராசில் 100 நிறுத்துப் போட்டால் ஆபத்து. சாதாரணத் தோட்டாவுக்குப் போடும் புகையில்லா மருந்தை ஒருபோதும் போடாதீர்கள், குழல் வெடித்துவிடும்.

சரி, இப்போது துடைக்கும் விஷயம். ட்ரிபிள் செவன் மாதிரி மருந்தைச் சுட்டதும் மருந்து எரிந்த இடத்துக்குச் சற்று மேலே கரி வளையமாகப் படியும். அடுத்த குண்டு இறங்கும்போது அந்த வளையத்தில் தட்டி நிற்கும். கைக்கு அது அடி வரை போய்விட்டது போலத்தான் இருக்கும், ஆனால் போயிருக்காது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் ஆழத்தில் நின்றதால்தான் என் குண்டுகள் சிதறின. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் குழலே பிளக்கலாம். அதனால் சுத்தமான குழலில் மருந்தும் குண்டும் போட்டு அடி வரை அழுத்தி, குழல் வாய்க்கு நேராக ராம்ராடில் (கெட்டிக்கும் கம்பியில்) மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மருந்து அளவையோ குண்டையோ மாற்றினால் கோடும் மாறும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் லேசாக நனைத்த துணி ஒன்று, அப்புறம் காய்ந்த துணி இரண்டு. கோடு குழல் வாய்க்கு நேராக வராமல் சுடாதீர்கள். இதைப் பழக்கமாக்கியதும், முன்பு நான் ஒதுக்கி வைத்த குண்டே மூன்று அங்குலத்துக்குள் விழுந்தது.

சுடுதளத்தில் அனுமதி கிடைத்ததும் முன்னே போய்ச் சாபோக்களைப் பொறுக்கி வாருங்கள். இதழ்கள் நான்கும் பூ மாதிரி ஒரே சீராக விரிந்திருந்தால் நல்லது. அடி கிழிந்தோ ஓர் இதழ் பிய்ந்தோ இருந்தால் மருந்தைக் குறையுங்கள், அல்லது வேறு சாபோ போட்டுப் பாருங்கள்.

மூன்று வெடி நெருங்கி விழுந்ததோடு சோதனை முடியவில்லை. காட்டில் மான் மேல் போவது குளிர்ந்த, சுத்தமான குழலிலிருந்து வரும் முதல் குண்டு. அதனால் வெவ்வேறு காலைகளில் போய், அதே அட்டையில் ஒரே ஒரு குண்டு மட்டும் சுடுங்கள். நான் ஐந்து காலைகள் போனேன். கெட்டிப்பதற்கு முன் குழலில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு, மருந்தில்லாமல் ஒரு பிரைமரை மட்டும் வெடியுங்கள். குழல் வாய்க்கு முன்னால் தரையில் கிடக்கும் சருகு அசைந்தால் உள்ளே வழி அடைபடவில்லை என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: கொலராடோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அங்கே மஸில்லோடர் பருவத்தில் சாபோ கூடாது, துப்பாக்கி மேல் தொலைநோக்கியும் கூடாது. இதைப் படித்துச் சாபோ வாங்கிவிட்டாராம். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இன்னொன்று: கடுங்குளிரில் சாபோ பாதியில் சிக்கிக்கொண்டது, என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும். சாபோக்களைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கியதைச் சுட்டு வெளியேற்றப் பார்க்காதீர்கள். பிரைமரை எடுத்துவிட்டு, கனமான சுடுதளக் கம்பியால் அடி வரை தள்ளுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால், கரியமில வாயுவால் குண்டையும் மருந்தையும் வெளியே தள்ளும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. நான் இப்போது அது இல்லாமல் காட்டுக்குப் போவதில்லை.