இங்கிலாந்து கிராமத் தெருக்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்ட்ஷயரில் உள்ள லேகாக் கிராமத்தில் முக்கியமான தெருக்கள் நான்குதான். 1944 முதல் ஊரின் பெரும்பகுதி, பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம் இருக்கிறது. வீட்டு முகப்புகளில் டிவி ஆன்டெனாவோ மின்கம்பியோ தெரியாது. படமெடுக்க இவ்வளவு வசதியான ஊர் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் அங்கிருந்து வரும் படங்களில் ஒரே மாதிரியான சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் தவறு, கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பது. லேகாக்கின் பழைய மரச்சட்ட வீடுகள் உண்மையிலேயே சாய்ந்தவை. மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், உத்திரங்கள் வளைந்திருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் நின்று, போனில் 0.5 என்ற அகலக்கோண லென்ஸைத் தட்டி, கூரையையும் சேர்க்க அண்ணாந்து எடுத்தால் எல்லாச் சுவர்களும் உள்நோக்கிச் சரிந்துவிடும். அப்புறம் எது வீட்டின் சாய்வு, எது கேமராவின் சாய்வு என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவின் எதிர்ப்பக்கம் போய், கட்டக்கோடுகளைத் திரையில் வரவைத்து, போனை நேராகப் பிடியுங்கள். கீழே சாலை அதிகமாக விழுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். எடிட் செய்யும்போது வீட்டுச் சுவரை வைத்து நேராக்காதீர்கள். தேவாலயக் கோபுரத்தை வைத்து நேராக்குங்கள்.

வெளிச்சத்தைப் பார்க்காமல் போவது அடுத்த தவறு. சர்ச் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில் செயின்ட் சிரியாக் தேவாலயம் இருக்கிறது. காலையில் அதை நோக்கி எடுத்தால் சூரியன் நேரே லென்ஸில் விழும்; பிற்பகலில் அதே இடம் அழகாக ஒளிரும். டிசம்பரில் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி அளவுக்குத்தான் ஏறும், குறுகிய தெருவில் ஒரு பக்கம் நாள் முழுக்க நிழல். ஜூனிலோ ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் பல மணி நேரம் தெரு உங்களுக்கே.

சுண்ணாம்புக்கல் சுவரின் வெளிர்மஞ்சளை ஆரஞ்சாக ஏற்றிவிடுவதும் வேண்டாம். நிறத்தைக் கூட்டாமல் விட்டாலே போதும்.

நான் மிகவும் வருந்துவது வேறொன்றுக்காக. குடியிருப்பவர்களை இடைஞ்சலாக நினைப்பது. பக்கத்து குளோஸ்டர்ஷயரில் பைபரி என்ற ஊர். 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறிய ஆர்லிங்டன் ரோ அங்கேதான் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு அருகே வழக்கமாக நிற்கும் ஒரு முதியவரின் மஞ்சள் கார், படத்தைக் கெடுக்கிறது என்று பலர் குறைசொல்லி வந்தார்கள். 2017இல் யாரோ அந்தக் காரைக் கீறிச் சேதப்படுத்தினார்கள். அவருக்கு ஆதரவாக மஞ்சள் கார் வைத்திருப்பவர்கள் பலர் அணிவகுத்து ஊருக்குள் வந்தார்கள். கார் நின்றால் நிற்கட்டும், அதுவும் அந்தத் தெருதான். ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது, வாசற்படியில் உட்கார்ந்து போஸ் கொடுப்பது இரண்டும் கூடாது.

சட்டம் இந்த விஷயத்தில் தாராளமானது. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பங்களையும் படமெடுக்கலாம். சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நேஷனல் டிரஸ்ட் இடங்களில் ட்ரோன் விடுவதற்கும் வணிகரீதியாகப் படமெடுப்பதற்கும் முன்அனுமதி வேண்டும்.

குப்பைத்தொட்டி, கம்பி, அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் ஏஐ கொண்டு அழிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். லேகாக் மடாலயத்தின் ஜன்னல் ஒன்றை, புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் படமெடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். மிகச் சின்னஞ்சிறிய காகிதம். ஆனால் எடுத்த புதிதில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது என்று அவரே குறித்துவைத்தார். எண்ணிப் பார்க்கும்படியான விவரம்தான் ஒரு தெருப்படத்தின் பலம். அழித்து மெழுகிய படத்தில் அது இருக்காது.

அதே காரணத்தால், எல்லோரும் எடுக்கும் ஒரே காட்சியோடு திரும்பிவிடாதீர்கள். லேகாக்கில் பழைய தானியக் களஞ்சியத்தை ஒட்டி, குடித்துக் கலாட்டா செய்தவர்களை இரவில் அடைத்துவைத்த, கல்லால் கட்டிய சிறு அறை ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். எந்த ஊரிலும் சிவப்புத் தபால்பெட்டியை நெருங்கி எடுங்கள். அதில் வார்த்திருக்கும் எழுத்துகள் எந்த அரசர் காலத்தில் அது வைக்கப்பட்டது என்று சொல்லும்: வி.ஆர். என்றால் விக்டோரியா, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ்.

கடைசியாக, குறிப்பு எழுதாமல் விடுவது. 'அழகான ஆங்கிலக் கிராமம்' என்று போட்டால் யாருக்கும் பயனில்லை. ஊர், தெரு, எந்தத் திசை நோக்கி எடுத்தது, தேதி, இவை நான்கும் வேண்டும். 2005 முதல் நடக்கும் ஜியோகிராஃப் திட்டம் பிரிட்டன், அயர்லாந்து முழுவதையும் ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படம் சேர்த்துவருகிறது. பொதுமக்கள் யாரும் அனுப்பலாம். உங்கள் படத்தையும் அந்தச் சதுரத்தில் சேர்த்துவிடுங்கள்.