கல்லறைத் தோட்டத்தில் பூர்வீகம் தேடுகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பூர்வீகம் தேடி வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தாத்தா சொன்ன ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கிறிஸ்தவக் கோயிலை விசாரித்து, நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் நானும் தொடக்கத்தில் தடுமாறிய இடங்கள்தான். குருவானவரிடம் அனுமதி கேளுங்கள், கல் மேல் ஏறி நிற்காதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனிஷியலை நம்புவது

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. ஞா. தேவசகாயத்தின் மகன் தே. ஞானமுத்து. அவர் மகன் மறுபடியும் ஞா. தேவசகாயம். ஒரே தோட்டத்தில் ஐம்பது அறுபது வருஷ இடைவெளியில் ஒரே பெயர், ஒரே இனிஷியலோடு இரண்டு கற்கள் கிடக்கும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்தால் நான்கு கற்கள்கூட இருக்கலாம். கண்ணில் பட்ட முதல் கல்லே நம் ஆள் என்று எழுதிவிடாதீர்கள். மனைவி பெயர், செய்த வேலை (உபதேசியார் என்கிற சபை ஊழியர், வாத்தியார்), கல்லை வைத்த பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

மேல் பாதியை மட்டும் படம் எடுப்பது

இந்தப் பக்கத்துத் தேரி மணலில் (செம்மணல்) கல் இறங்கிவிடும். பிள்ளைகள் பெயர் பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். கையால் மணலை ஒதுக்குங்கள்.

கல்லைக் கழுவுவது

இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லை.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வெளியூரில் செட்டிலான குடும்பம் ஒன்று தங்கள் கொள்ளுப்பாட்டியின் தாயார் கல்லறையைக் கண்டுபிடித்தது. காரைக் கட்டில் பதித்த பளிங்குப் பலகை, மேலே கறுப்பாகப் பாசி. எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வந்தவர்கள் கடையில் கக்கூஸ் கழுவும் ஆசிட் வாங்கி ஊற்றி, இரும்பு பிரஷால் தேய்த்தார்கள். பொங்கி நுரைத்ததும் அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பளிங்கு சுண்ணாம்புக் கல்லின் இனம். ஆசிட் பட்டால் கல்லே கரைந்துதான் அந்த நுரை வருகிறது. பலகை வெள்ளையாகிவிட்டது, ஆனால் வெட்டின எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கிப்போனது. அதற்குப் பிறகு பெயின்டர் ஒருவரைப் பிடித்து, கண்ணுக்குத் தெரிந்தபடி கறுப்பு எனாமலில் எழுத்தைத் தீட்டச் சொன்னார்கள். அவருக்கு வருஷம் 1863 என்று தெரிந்தது, அப்படியே தீட்டிவிட்டார்.

அந்த அம்மாளின் கடைசி மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது 1866இல். சேகரத்து (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) ரிஜிஸ்டரில் பெயர் தெளிவாக இருக்கிறது. தாய் இறந்து மூன்று வருஷம் கழித்துப் பிள்ளை எப்படிப் பிறக்கும்? குடும்பத்தார் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அந்த அம்மாளின் கணவருக்கு இரண்டாம் தாரம் இருந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த இரண்டாம் மனைவியை வம்ச வரைபடத்தில் சேர்த்து, அச்சடித்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. கடைசி மகன் வழிப் பேரப்பிள்ளைகள் தங்களை வேறு தாய் வயிற்றுக் கிளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒரு வீட்டில் பழைய போட்டோ ஒன்று கிடைத்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. வேறு யாரோ ஒருவரின் அடக்கத்தன்று எடுத்த படம், ஓரத்தில் இந்தப் பலகையும் விழுந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 1868. இரண்டாம் தாரமே கிடையாது.

பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் பிழைத்திருக்கும். பெயின்டுக்கு அடியில் உளி வெட்டின பள்ளம் இருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் போட்டால் 3ஆ 8ஆ என்று தெரிந்துவிடும். ஆசிட் அந்தப் பள்ளத்தையே தின்றுவிட்டது. அந்தப் போட்டோ இல்லையென்றால் இன்றைக்கும் அது 1863தான். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள், இரும்பு பிரஷ் எதுவும் வேண்டாம். எழுத்துக்குள் சாக்பீஸும் கோலமாவும் தேய்க்காதீர்கள். துருவி எடுக்கிற ஒவ்வொரு முறையும் கல் கொஞ்சம் உதிரும். காரையில் எழுதின எழுத்தென்றால் விரலால்கூடத் தேய்க்கக் கூடாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ போங்கள். சாய்ந்த வெயிலில் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். கல் நிழலில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் இருட்டின பிறகு மொபைல் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஈய எழுத்து விழுந்துபோன கல்லில் ஈயத்தைப் பிடித்து நிறுத்தப் போட்ட துளைகள் மிஞ்சியிருக்கும், அவற்றின் வரிசையை வைத்தே எழுத்தைப் பிடித்துவிடலாம்.

பண்டிகைக்கு வெள்ளையடித்து எழுத்தைப் புதுப்பித்த கல் கண்ணில் பட்டால், அந்தப் பெயின்ட் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். அது பெயின்டர் படித்தது.

எண்ணை எழுத்தென்று நினைப்பது

பழைய கல்லில் “௧௮௬௭” என்று இருந்தால் அது க, அ, சு, எ என்ற ஏதோ சுருக்கெழுத்து அல்ல. 1867. சில கற்களில் ௲, ௱, ௰ எல்லாம் போட்டு ௲௮௱௬௰௭ என்றும் வெட்டியிருப்பார்கள். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியான கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டுக் கணக்கு) வரும். அதை ஆங்கில வருஷமாக்க எல்லாவற்றோடும் 825ஐக் கூட்டினால் தப்பாகிவிடும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும்.

வயதைக் கழித்துப் பிறந்த வருஷம் எழுதுவது

“70ஆவது வயதில்” என்றால் முடிந்தது 69. உத்தேசம் என்று குறித்து வையுங்கள்.

கல் இல்லாததால் ஆளும் இல்லை என்று திரும்புவது

அந்தக் காலத்தில் கல் வைக்க வசதி இருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான், இரண்டு மழைக்காலத்துக்குத் தாங்காது. அவர்கள் இருப்பது அடக்க ரிஜிஸ்டரில். சேகரம் பிரியும்போது ரிஜிஸ்டர் தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடும். அதனால் உங்கள் ஊர்க் கோயிலில் இல்லையென்றால், அந்த ஊர் முன்பு எந்தச் சேகரத்தில் இருந்தது என்று கேளுங்கள். குருவானவர் மாறிக்கொண்டே இருப்பார், இந்தக் கேள்விக்குப் பதில் கோயில்பிள்ளையிடம்தான் (கோயில் வேலைகளைப் பார்ப்பவர்) கிடைக்கும்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் முன் எந்த மிஷன் (மிஷனரிகளை அனுப்பிய வெளிநாட்டுச் சங்கம்) என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். பக்கம், நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. பக்கம். சி.எம்.எஸ். ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. உங்கள் முன்னோர் உபதேசியாராகவோ பள்ளி வாத்தியாராகவோ இருந்திருந்தால், மிஷனரி அனுப்பிய கடிதத்திலோ அறிக்கையிலோ பெயர் வர வாய்ப்புண்டு. சாதாரண சபையார் என்றால் அங்கே எழுதிக் கேட்டுக் காத்திருக்காமல் சேகரத்து ரிஜிஸ்டரை முதலில் பாருங்கள். ஓரம் பொடிந்த பழைய நோட்டை ஜெராக்ஸ் மெஷினில் வைத்து அமுக்காதீர்கள். மேசையில் விரித்து, மேலிருந்து மொபைலில் படம் எடுத்தால் போதும்.